வெள்ளைக் கூரை

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வில்பெர்ட்டின் கண்ணாடிக் கூரை கறுப்பாக இருந்தது. எங்கள் கூரை வெள்ளையாக இருந்தது.

ஒரே வானம், ஒரே பனி. அவன் கண்ணாடி மேல் விழுந்தது விழுந்த இடத்திலேயே கரைந்து ஓடியது. எங்களுடையதில் விடியற்காலையிலிருந்து சேர்ந்துகொண்டே வந்தது. லாரிகள் வந்து நிற்கும் முற்றத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"யானெக்கே, உங்க கூரை வெள்ளையா இருக்கு," என்றான் வில்பெர்ட்.

"எனக்கும் கண்ணு இருக்கு."

"உன் தம்பி திரையத் திறக்கலையா?"

"அவன்கிட்டயே கேக்கறதுதானே."

"கேட்டேன். 'என்ன, பொறாமையா'ன்னுட்டு வெச்சிட்டான்."

எங்கள் வட்டாரத்தில் பனி பெய்தால் எல்லோரும் அடுத்தவன் கூரையைத்தான் பார்ப்பார்கள். வெள்ளையாக நின்றால் உள்ளே இருக்கும் சூடு கசியவில்லை, கண்ணாடிக்குக் கீழே விரிக்கும் உள்திரைகள் நன்றாக மூடியிருக்கின்றன, காசு வானத்துக்குப் போகவில்லை என்று பொருள். சாலையில் போகிறவன் காரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவான். ஆனால் இந்தப் பெருமைக்கு ஓர் அளவு உண்டு. ஒரு விரல் உயரம் வரை பெருமை. அதற்கு மேல் ஏறினால் திரையைத் திறந்து, சூட்டை மேலே விட்டு, பனியைக் கரைத்தாக வேண்டும். கண்ணாடி சன்னமானது. செடிக்கு வெளிச்சம் மறையக் கூடாது என்பதற்காக அதைத் தாங்கும் சட்டங்களையும் சன்னமாகவே வைத்திருக்கிறோம். அவை கண்ணாடியைத் தாங்கும், காற்றைத் தாங்கும். ஈரப் பனியைத் தாங்காது.

அன்று காலை எங்கள் கூரையில் ஒரு கை உயரத்துக்குப் பனி கிடந்தது.

இந்தத் தக்காளிக் கண்ணாடிக் கூடம் எனக்கும் கிரைனுக்கும் பொது. செடியும் சூடும் அவன் பொறுப்பு. ஆட்கள் என் பொறுப்பு. அவனுடைய கணினியில் நான் கை வைத்ததில்லை. என் ஆட்களில் ஒருவரைக்கூட அவன் வேலைக்கு எடுத்ததில்லை, அனுப்பியதுமில்லை. அக்கா தம்பி சேர்ந்து தொழில் செய்து இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால் இந்தக் கோட்டைத் தாண்டாததுதான் காரணம்.

கேஸ் விலை எகிறிய வருஷம் எங்கள் சாலையில் மூன்று கூடங்கள் நடவே இல்லாமல் கிடந்தன. அவற்றில் ஒன்று பிறகு திறக்கவே இல்லை. நாங்கள் பிழைத்தது கிரைனால். இரண்டாவது திரை போட்டான். இரவுச் சூட்டை ஒரு டிகிரி குறைத்தான், செடி தாங்கியது. இன்னொரு டிகிரி குறைத்தான், அதையும் தாங்கியது. மற்றவர்கள் காலையில் எட்டு மணிக்கே திறக்கும் திரையை மப்பும் மந்தாரமுமான நாட்களில் மதியம் வரை மூடியே வைத்தான். அதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வருஷம் என் ஆட்களுக்கு வேலை இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவனுக்கு அது பழக்கமாகிவிட்டது. பட்டினி கிடந்து பிழைத்தவன் விருந்திலும் தட்டை வழித்துக்கொண்டிருப்பான் இல்லையா, அப்படி.

கூரை உச்சியில் ஒரு கம்பத்தில் பனி உணரி இருக்கிறது. பனி பட்டால் அது கணினிக்குச் சொல்லும், கணினி திரைகளைத் திறக்கும், யாரையும் கேட்காது. ஜனவரியில் ஒருநாள் வெறும் ஆலங்கட்டியைப் பனி என்று நினைத்து இரண்டு திரைகளையும் விடியுமுன் திறந்துவிட்டது. எரிந்த கேஸைப் பார்த்து கிரைனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஏணி வைத்து ஏறி உணரியின் தலையில் ஒரு காலி மார்கரின் டப்பாவைக் கவிழ்த்து, தக்காளிக் கொடி கட்டும் நூலால் கட்டிவிட்டு இறங்கினான்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஒன்று விட்டு ஒரு செவ்வாய்க்கிழமை எட்டு விவசாயிகள் யாராவது ஒருவருடைய கூடத்தில் கூடுவார்கள். வரிசைகளுக்குள் நடந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, மூஞ்சிக்கு நேரே குறை சொல்வார்கள். சதுர மீட்டருக்கு எவ்வளவு கேஸ் எரித்தாய் என்பதை ஒவ்வொருவனும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவனுக்குத் தெரிந்தது எட்டு பேருக்கும் தெரியும். அதுதான் குழுவின் சட்டம். டப்பா விஷயத்தையும் கிரைன் அங்கே சொன்னான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க எட்டு பேரில் மிகக் குறைவாக எரித்தவன் அவன்தான்.

அன்றும் செவ்வாய்க்கிழமை. மதியம் குழு எங்கள் கூடத்துக்கு வருவதாக இருந்தது.

பாய்லர் கொட்டகையை ஒட்டிய அறையில் கிரைன் கணினி முன் உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டிருந்தான். நான் பூட்ஸைக்கூடத் தட்டாமல் உள்ளே போனேன்.

"திறடா."

"காலை வணக்கம்," என்றான்.

"ஒரு கை உயரம் கிடக்கு மேல."

"பொடிப் பனி. இறகு மாதிரி. ஊதினா பறக்கும்."

"மழை வருதுன்னு போட்டிருக்கான்."

"சாயங்காலம்தான்."

"கடலோரத்துல இப்பவே தூறுதாம். வில்பெர்ட் சொன்னான்."

"வில்பெர்ட்டுக்கு எப்பவும் எங்கயாவது தூறிட்டுதான் இருக்கும்."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு கணினித் திரையில் ஓர் எண்ணைக் காட்டினான். வெந்நீர்த் தொட்டி கிட்டத்தட்டக் காலி. இரண்டு நாளாகக் கடலில் நல்ல காற்று, காற்றாலைகள் சுற்றித் தள்ளின, கரண்ட் விலை தரையில் கிடந்தது. அந்த விலைக்கு கரண்ட் விற்பது நஷ்டம் என்று கேஸில் கரண்ட் எடுக்கும் எங்கள் என்ஜினை அவன் ஓட்டவில்லை. என்ஜின் ஓடினால்தான் தொட்டி சூடாகும்.

"தொட்டில ஒண்ணுமில்ல," என்றான். "திரையத் திறந்தா ஒரு பாய்லர் பத்தாது. ரெண்டாவதையும் போடணும். ரெண்டையும் போட்டா வரம்பு தாண்டிடும்."

வரம்பு என்பது மணிக்கு அதிகபட்சம் இவ்வளவு கேஸ்தான் எடுப்போம் என்று நாங்கள் கையெழுத்துப் போட்டது. வரம்பு எவ்வளவு சின்னதோ அவ்வளவு கட்டணம் குறைவு. போன இலையுதிர் காலத்தில் கிரைன் அதைப் பாதியாகக் குறைத்து, இரண்டாவது பாய்லரின் வால்வைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினான். ஒரே ஒரு மணி நேரம் தாண்டினாலும் அந்தத் தாண்டிய அளவுக்கே வருஷம் முழுக்கக் கட்டணம் கட்ட வேண்டும்.

"குளிர்காலம் பூரா மிச்சம் பிடிச்சது இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள போயிடும், யானெக்கே."

"கூரை போனா?"

"போகாது."

"உள்ள பதினோரு பேர் இருக்காங்க."

"தெரியும்."

"தெரியுமா? பேர் சொல்லு பாப்போம்."

அவன் என்னை முறைத்தான். "போஷெனா," என்றான். "அப்புறம் அந்த உயரமானவன்."

"லெஷெக்."

"லெஷெக்தான். சரி. ஒண்ணு செய்யறேன். ஒரு கை அகலம் திறக்கறேன். கொஞ்சம் சூடு மேல போகட்டும். பூ வந்திருக்கு, ஒரேயடியா திறந்தா குளிர் மொத்தமா தலைல விழும். முதல் குலை போயிடும். இது என் வேலை, எனக்கு விடு."

அவனுடைய வேலைதான். விட்டேன். வெளியே வந்தபோது திரை மோட்டார்கள் சற்று முனகி உடனே நின்றது கேட்டது.

கொஞ்சம் சூடு என்பது சூடே இல்லாததைவிட மோசம். பனியின் அடிப்பக்கம் மட்டும் கரையும். கரைந்த தண்ணீர் ஓடாது. மேலே கிடக்கும் பனி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையில் தண்ணீர் வடியப் போட்ட தகரப் பீலியில் கொஞ்சம் ஓடினாலும், அது வாய்க்கு வரும்போது மறுபடி உறைந்து அடைத்துக்கொள்ளும். கிரைனுக்கு இது தெரியாமல் இல்லை. அன்று காலை அவன் கூரையைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கூடத்துக்குள் போனேன். பனி மூடிய கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் பழைய பால்போல இருந்தது. மகரந்தம் சேர்க்க வைத்த வண்டுப் பெட்டிகளிலிருந்து ஒரு வண்டுகூட வெளியே வரவில்லை. நீளமான நடைபாதையின் இரு பக்கமும் வரிசைகள். வரிசைகளுக்கு நடுவே தரையில் வெந்நீர்க் குழாய்கள். அந்தக் குழாய்களையே தண்டவாளமாக வைத்து ஏற்ற வண்டிகள் ஓடின. ஆட்கள் அவற்றின் மேல் நின்று கொடிகளை இறக்கிச் சாய்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிலருடைய தலைக்கும் திரைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

போஷெனா நடைபாதை ஓரத்து வண்டியில் இருந்தாள். பன்னிரண்டு வருஷமாக எங்களிடம் இருக்கிறாள். என் ஆட்களுக்கு அவள்தான் தலைவி, சமயத்தில் எனக்கும்.

"இன்னிக்கு யாரு செத்தா?" என்றாள் என் முகத்தைப் பார்த்து.

"இன்னும் யாரும் சாகல."

"மேல ஏதோ சத்தம் போடுது. எலியா?"

இருவரும் கேட்டோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ தூரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், விரல் நகத்தால் கோப்பையைத் தட்டுவதுபோல. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதற்கப்புறம் வேறொரு சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் மெதுவாகத் தொடங்கியது, மணலைக் கொட்டுவதுபோல.

மழை.

பனி மேல் பெய்யும் மழைக்குச் சத்தமே இருக்காது என்று நினைப்பீர்கள். கண்ணாடிக்குக் கீழே நின்றால் கேட்கும்.

"எல்லாரையும் இறக்கு," என்றேன். "இப்பவே. வண்டிய அங்கங்கயே விட்டுட்டு வரச் சொல்லு."

"இடைவேளைக்கு இன்னும் நேரம் இருக்கே. வரிசைக்குத்தான் காசு, பாதில விட்டா யாரு தருவா?"

"நான் தரேன். இறக்கு."

அவள் மேலே ஒருமுறை பார்த்தாள். அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடித்த விசில் கூடத்தின் கடைசி வரை போனது. போலிஷ் மொழியில் அவள் கத்தியதில் எனக்குப் புரிந்த வார்த்தைகள் எல்லாம் கெட்ட வார்த்தைகள். ஆட்கள் வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு, ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டு. கதவருகே நிற்கவைத்து எண்ணினேன்.

பத்து.

"லெஷெக்," என்றாள் போஷெனா. "கடைசி முகட்டுக்குக் கீழ இருக்கான். காத மூடற அந்தக் குமிழ மாட்டியிருப்பான், அதுல ரேடியோ ஓடும். இடி விழுந்தாலும் கேக்காது."

"போன் போடு."

"எந்தப் போன்? செடிக்குள்ள போன் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

நான்தான். எல்லாப் போன்களும் சாப்பாட்டு அறையில் கோட்டுப் பைகளில் கிடந்தன.

அப்போது கிரைன் நடைபாதையில் ஓடி வந்தான். அவன் ஓடி நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. முகம் சுண்ணாம்பு. வெளியே போய்ப் பார்த்திருக்கிறான். முழங்கால் வரை ஈரம்.

"பீலி தொங்குது," என்றான். "கடைசி முகட்டுப் பக்கம், நடுவுல. பசு மாட்டு வயிறு மாதிரி தொங்குது. திறக்கணும். ரெண்டு திரையையும். உடனே."

நடைபாதைச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. கணினி கெட்டுப்போனால் திரைகளைக் கையால் ஓட்டுவதற்கான ஸ்விட்ச் அதில் இருந்தது. அவன் பெட்டியை நோக்கிக் கை நீட்டினான். நான் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"லெஷெக் உள்ள இருக்கான்."

"அதுக்கென்ன, திறந்தாதானே பாரம் குறையும்!"

"எப்போ குறையும்? முதல்ல ஏறும், அப்புறம்தான் குறையும். சூடு பட்டதும் எல்லாம் தண்ணியா ஊறி இன்னும் கனக்கும். அந்த நேரத்துல கண்ணாடி வந்தா, மூடின திரை இருந்தா அதுலயாவது கொஞ்சம் தங்கும். திறந்து வெச்சா நேரா அவன் மேலதான்."

"யானெக்கே, ஒவ்வொரு நிமிஷமும்—"

"காலைல உனக்கு நிமிஷமே இல்லையா?"

மேலே மறுபடி டிக். இந்த முறை தூரத்தில் இல்லை. ஆட்கள் எல்லோரும் ஒன்றாக மேலே பார்த்தார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

காலையில் திறக்கச் சொன்னவள் நான், மாட்டேன் என்றவன் அவன். இப்போது அவன் திறக்கச் சொல்கிறான், நான் ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நிற்கிறேன். அவன் என்னைத் தள்ளிவிட்டுத் திறந்திருக்கலாம். என்னைவிட இரண்டு மடங்கு கனம் அவன். நூறு மீட்டருக்கு அப்பால், அவனுக்குக் காலையில் பேர் ஞாபகம் வராத ஒருவன், ரேடியோ கேட்டுக்கொண்டு தக்காளிக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நான் போறேன்," என்றாள் போஷெனா.

"நீ இங்க நில்லு," என்றேன். "கிரைன், நீ போ. உன் கூரை. போய் அவனக் கூட்டிட்டு வா. நீங்க ரெண்டு பேரும் வெளிய வந்தப்புறம் திறக்கறேன்."

என்னை ஒரு கணம் பார்த்தான். திரும்பி, கூடத்தின் கடைசியை நோக்கி ஓடினான்.

நடைபாதை நேரானது, கடைசி வரை தெரியும். அவன் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. வரிசை முனைகளில் தொங்கும் எண் பலகைகளை ஒவ்வொன்றாகத் தாண்டினான். ஒரு வரிசைக்குள் எட்டிப் பார்த்தான், இல்லை, அடுத்தது, இல்லை. பிறகு உள்ளே நுழைந்தான், மறைந்துவிட்டான்.

என் கை ஸ்விட்ச் மேல் இருந்தது. மழை கனத்தது. கூடத்தில் வெந்நீர் குழாய்களுக்குள் ஓடும் சத்தம் எப்போதும் இருக்கும், நாங்கள் யாரும் கவனிப்பதில்லை. அன்று அதுவும் கேட்டது. தூண்களில் எங்கோ ஓர் உலோக முனகல், நீளமாக, வீடு மாற்றும்போது அலமாரியை இழுப்பதுபோல. தூரத்து மூலையில் திரை மேல் ஏதோ விழுந்து, திரை கீழ்நோக்கிக் குழிந்தது. ஒரு கண்ணாடி. திரை தாங்கியது. இன்னொன்று விழுந்தது.

"மரியாளே," என்றாள் போஷெனா. அவள் சர்ச்சுக்குப் போவதில்லை.

"வெளிய போங்க எல்லாரும்," என்றேன். யாரும் அசையவில்லை.

வரிசையிலிருந்து முதலில் லெஷெக் வந்தான். நடந்து வந்தான்! காதுக் குமிழ் இன்னும் தலையில்தான் இருந்தது. பின்னாலிருந்து கிரைன் அவன் கோட்டைக் கொத்தாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். லெஷெக் எதையோ விளக்கிக்கொண்டே வந்தான், கையை ஆட்டி ஆட்டி. பாதி தூரம் வந்தபோது பின்னால் கேட்ட சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தான். அதற்கப்புறம் ஓடினான். கிரைனை முந்திவிட்டான்.

கிரைனும் என் பக்கம் வந்து சேர்ந்தவுடன் நான் ஸ்விட்சைத் திருப்பினேன்.

மோட்டார்கள் கிளம்பின. திரை மடிப்பு மடிப்பாக விலகத் தொடங்கியது. குளிர் ஒரேயடியாக எங்கள் தலையில் இறங்கியது. கிரைன் நிற்கவில்லை. பாய்லர் கொட்டகைக்குப் போனான். அங்கே ஆணியில் தொங்கிய சாவியை எடுக்கும் சத்தம், வால்வு திருகும் சத்தம், பிறகு இரண்டாவது பாய்லர் தும்மி எரியும் சத்தம். கொஞ்ச நேரத்தில் வரம்பு தாண்டியதற்கான மணி அடிக்க ஆரம்பித்தது. அதை அவன் அணைத்தான். மறுபடி அடித்தது. அதற்கப்புறம் அணைக்கவில்லை.

திரை பாதி விலகியிருந்தபோது கடைசி முகடு இறங்கியது.

பெரிய சத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி இல்லை. பீலி மெதுவாக மடங்கியது, களைத்த ஆள் உட்காருவதுபோல. கண்ணாடிகள் சட்டங்களிலிருந்து நழுவி நேராகக் கீழே இறங்கின. கூடவே ஈரப் பனி, லாரிக் கணக்கில். லெஷெக்கின் வண்டி நின்ற வரிசையும் அதற்கு இரண்டு பக்கமும் இருந்த வரிசைகளும் வெள்ளையாகின. கொடிகளைத் தாங்கிய கம்பிகள் வீணைத் தந்திபோல அறுந்தன. பிறகு அந்த இடத்தில் வானம் தெரிந்தது. அதன் வழியே மழை நேராக உள்ளே பெய்தது.

நாங்கள் அடுத்த முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது நின்றது. அதன் மேலிருந்த வெள்ளை முதலில் சாம்பலானது, பிறகு ஓட்டை ஓட்டையாகக் கறுத்தது. பிறகு ஒரு பெரிய துண்டு சரிந்து ஓடியது. அதற்கடுத்ததும் அப்படியே.

"எனக்கு இன்னும் ரெண்டு வரிசை இருந்துச்சு," என்றான் லெஷெக், காதுக் குமிழைக் கழற்றிக்கொண்டே. "அதுக்குத்தான் இவ்வளவு அவசரமான்னு கேட்டேன் அவர்கிட்ட. கோட்ட கிழிச்சிட்டார்."

போஷெனா அவன் தலையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

குழுவுக்கு யாரும் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னாலும் வந்திருப்பார்கள். மதியம் ஆறு கார்கள் முற்றத்தில் நின்றன. வில்பெர்ட் வாய்க்கால் பாலத்தின் வழியாக நடந்தே வந்தான், ஒரு தோளில் பெரிய பிளாஸ்டிக் சுருள். மற்றவர்கள் கார் டிக்கியிலிருந்து மண்வெட்டிகளை எடுத்தார்கள். யாரும் அனுதாபம் சொல்லவில்லை. பாதாம் பிஸ்கட் பெட்டி ஒன்றை என் கையில் திணித்துவிட்டு நேராகக் கடைசி முகட்டுக்குப் போனார்கள்.

உடைந்த கூரைக்குக் கீழே நின்று எல்லோரும் மேலே பார்த்தார்கள். யோஸ் என்று ஒருவன், குண்டு ஆள், மிளகாய் வளர்ப்பவன், முதலில் வாயைத் திறந்தான்.

"கிரைன், காத்தோட்டம் பிரமாதம்ப்பா."

"பூஞ்சை வரவே வராது," என்றான் இன்னொருவன்.

"கொடி குளிரப் பழகிக்கும்னு நீதானே சொல்லுவ?"

கிரைன் சிரிக்க முயன்றான். வரவில்லை. கண்ணாடியை ஒதுக்கினார்கள், பக்கத்து முகட்டிலிருந்து தரை வரை பிளாஸ்டிக்கைச் சுவர்போல இழுத்துக் கட்டினார்கள், அறுந்த கம்பிகளை வெட்டினார்கள். என் ஆட்களும் அவர்களும் கலந்து வேலை செய்தார்கள். முதல் குலைப் பூக்கள் தப்பினவா என்று ஒருவன் தன் விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனான். பாதி தேறும் என்றான்.

வேலை முடிந்து காப்பி ஊற்றியபோது வழக்கம்போல ஒவ்வொருவனும் தன் எண்ணைச் சொன்னான். கிரைனின் முறை வந்தது. இன்று விட்டுவிடலாம் என்றான் வில்பெர்ட்.

"இல்ல," என்றான் கிரைன். சொன்னான். காலை வரை குறைவாக இருந்த எண், மதியத்துக்குள் எட்டு பேரில் கடைசிக்குப் போயிருந்தது. வரம்பு தாண்டியதையும் சொன்னான். உள்ளே ஒரு ஆள் இருந்ததையும் சொன்னான். பேரைச் சொல்லியே சொன்னான்.

"உணரி என்ன ஆச்சு?" என்றான் யோஸ்.

"டப்பா இன்னும் அது மேலதான் இருந்துச்சு. கொஞ்ச நேரம் முன்னாடி ஏறி எடுத்துட்டேன்."

காப்பிக் கோப்பையில் யோஸ் தன் ஸ்பூனை வெகுநேரம் சுற்றினான். பிறகு எழுந்து, போனை எடுத்துக்கொண்டு, வண்டிகள் நிறுத்தும் மூலைக்குப் போனான். மெதுவாகப் பேசினாலும் கூடத்தில் எல்லாம் கேட்கும்.

"ஆமா, ஏணிய எடு... இல்ல, இப்பவே. மேல கம்பத்துல ஒரு வாளி இருக்கும்... நான்தான் வெச்சேன்... ஏன்னு வந்து சொல்றேன், எடு."

அவன் திரும்பி வருவதற்குள் இன்னொருவன் எழுந்தான். பிறகு இன்னொருவன். மற்றொருவன் எழுந்திருக்கவில்லை, மேசைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு யாருக்கோ செய்தி தட்டினான்.

"இன்னிக்கு எல்லாரும் கண்ணால பாத்துக் கையால திறந்திருக்காங்க," என்றான் வில்பெர்ட் என்னிடம், குரலைத் தாழ்த்தாமல். "தூங்கிட்டிருக்கும்போது பெஞ்சிருந்தா?"

"உன்னது?"

"நான் உணரிய மூடவே இல்ல."

"நீ மட்டும் புத்திசாலி."

"புத்தியா? முட்டி, யானெக்கே. ஏணி ஏற முடியல. ஏற முடிஞ்சிருந்தா நானும் ஒரு டப்பா கவுத்திருப்பேன்."

கார்கள் கிளம்பியபோது மழை நின்றிருந்தது. காற்று வடக்குக்குத் திரும்பி, மறுபடி குளிர்ந்தது. கிரைனும் நானும் முற்றத்தில் நின்றோம். ஈரமான கறுப்புக் கூரை, ஓரத்தில் ஒரு பல் விழுந்த இடம். வானத்திலிருந்து ஓரிரண்டு பனித் துகள்கள் இறங்கின. எண்ணிவிடலாம், அவ்வளவு குறைவு.

உள்ளே மோட்டார்கள் முனகின. வேலை முடிந்து மூடிவைத்த திரைகள் யாரும் தொடாமலே விலகத் தொடங்கின.

"இதுக்கே திறக்குது பாரு," என்றான் கிரைன். "கொஞ்சம் சீக்கிரம்தான்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் உணரிக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏணி இன்னும் சுவரில் சாய்ந்தபடிதான் இருந்தது. நான் போய் அதை எடுத்து, படுக்கப் போட்டு, கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். அவன் வந்து மறுமுனையைத் தூக்கினான்.